ராம் காலியாக இருந்தும் 'இடமில்லை' என்று வருவது ஏன்?

ராம் மெமரி நிறைந்துவிட்டால் கம்ப்யூட்டர் தடுமாறும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் தெரிந்து கொள்ளும் விஷயங்களில் இதுவும் ஒன்று. ஆனால் ராம் மெமரி பாதிக்கு மேல் காலியாக இருக்கும்போதே "நோ பஃபர் ஸ்பேஸ் அவைலபிள்" என்று ஒரு பிழைச் செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்? லினக்ஸ் சிஸ்டத்தில், பெரிய அளவில் டேட்டாவை நெட்வொர்க் வழியே அனுப்பும் சில புரோகிராம்கள் இப்படி ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எவ்வளவு மெமரி மிச்சம் எனப் பார்த்தால் 4 ஜிபி, 5 ஜிபி என்று காட்டும். ராம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, கேபினட்டைத் தூக்கிக் கொண்டு கடைக்கு ஓடத் தோன்றும். ஓட வேண்டாம். ராமில் எந்தக் கோளாறும் இல்லை. அங்கே நிறைந்து போனது மெமரி அல்ல. மெமரியைப் பூட்டி வைக்க உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு.

மெமரியை ஏன் பூட்ட வேண்டும்? அதற்கு ஏன் அளவு? இதைப் புரிந்து கொள்ள, ஒரு பைல் நெட்வொர்க்கில் எப்படிச் செல்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெராக்ஸும் ஒரிஜினலும்

ஒரு புரோகிராம் இயங்கும்போது அதற்கென ராமில் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தனி இடம் உண்டு. நெட்வொர்க் கார்டுடன் பேசும் உரிமை கெர்னலுக்கு மட்டுமே. எனவே உங்கள் புரோகிராம் "இந்த டேட்டாவை அனுப்பு" என்று சொன்னவுடன், கெர்னல் அதைத் தன்னுடைய இடத்தில் ஒரு காப்பி எடுத்துக் கொள்கிறது. அந்தக் காப்பிதான் நெட்வொர்க் கார்டுக்குப் போகிறது.

எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்கலாம். வீண் வேலை இல்லை. கல்லூரியில் சேரும்போது சர்டிபிகேட்டின் ஜெராக்ஸ் காப்பியைக் கொடுத்தால், ஒரிஜினல் நம் கையில் இருக்கும். அன்று மாலையே அதை எடுத்துக் கொண்டு பாங்கிற்குப் போகலாம். ஒரிஜினலையே கொடுத்துவிட்டால், அவர்கள் திருப்பித் தரும் வரை நாம் எதுவும் செய்ய முடியாது. புரோகிராமுக்கும் இதே நிலைதான். கெர்னல் காப்பி எடுத்துக் கொண்டால், புரோகிராம் அடுத்த நொடியே தன் இடத்தில் வேறு டேட்டாவை எழுதிக் கொள்ளலாம். அனுப்பியது வழியில் தொலைந்து மீண்டும் அனுப்ப நேர்ந்தாலும் கவலையில்லை, கெர்னலிடம் காப்பி இருக்கிறது.

நம் வீட்டு இணைப்புகளின் வேகத்தில் இந்தக் காப்பிக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே இல்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்பது நொடிக்கு 12.5 எம்பி மட்டுமே. நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி டேட்டாவைக் கையாளும் ராமுக்கு இது கொசுக்கடி. ஆனால் 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு பொருத்திய சர்வரில் நொடிக்கு 1250 எம்பி செல்கிறது. அதில் ஒவ்வொரு பைட்டையும் படித்து, வேறிடத்தில் எழுதி, பிறகு அனுப்புவதென்றால் சிபியுவின் நேரத்தில் கணிசமான பகுதி ஜெராக்ஸ் எடுப்பதிலேயே போய்விடும். வீடியோ வழங்கும் சர்வர்களுக்கு இது பெரிய செலவு.

இதைத் தவிர்க்கும் வழிக்கு ஜீரோ காப்பி என்று பெயர். முதலில் வந்தது டிஸ்க்கில் உள்ள பைலை அப்படியே அனுப்பும் சென்ட்பைல் என்ற வசதி. 1999ல் வெளியான லினக்ஸ் 2.2 கெர்னலில் இது சேர்க்கப்பட்டது. அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ் போன்ற வெப் சர்வர்கள் இதைப் பயன்படுத்துகின்றன. டிஸ்க்கிலிருந்து படிக்கும் பைல் ஏற்கெனவே கெர்னலின் இடத்தில்தான் வந்து இறங்குகிறது. அங்கிருந்தே அனுப்பிவிடலாம் என்பதால் இதில் சிக்கல் குறைவு. ஆனால் ஒரு புரோகிராம் தானே உருவாக்கிய டேட்டாவை, அதாவது இன்னும் டிஸ்க்கில் பைலாக இல்லாத ஒன்றை, காப்பியின்றி அனுப்ப வேண்டுமானால்? அதற்கான வசதி 2017 நவம்பரில் வந்த லினக்ஸ் 4.14 கெர்னலில் கிடைத்தது. கூகுளில் பணியாற்றிய வில்லம் டி புருயின் எழுதிய இதன் பெயர் எம்எஸ்ஜி ஜீரோகாப்பி. முதலில் டிசிபி இணைப்புகளுக்கு மட்டும் இருந்தது. 2019ல் வந்த 5.0 கெர்னலில் யுடிபிக்கும் கிடைத்தது.

இங்கேதான் பூட்டு வருகிறது.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

ராம் மெமரி பக்கங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நாம் பயன்படுத்தும் சாதாரண பிசியில் ஒரு பக்கம் 4 கேபி. இந்தப் பக்கங்கள் ஒரே இடத்தில் நிலையாக இருப்பவை அல்ல. இடநெருக்கடி வந்தால், வெகு நேரமாகத் தொடப்படாத பக்கங்களைக் கெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் பகுதிக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தை வேறு புரோகிராமுக்குக் கொடுத்துவிடும். புரோகிராமுக்கு இது தெரியாது. மீண்டும் கேட்கும்போது பக்கம் திரும்ப வந்துவிடும், அவ்வளவுதான்.

ஆனால் நெட்வொர்க் கார்டு அப்படி இல்லை. அது சிபியுவின் உதவியின்றி நேராக ராமின் ஒரு குறிப்பிட்ட முகவரிக்குப் போய் டேட்டாவை எடுக்கிறது. அது எடுக்கப் போகும் நேரத்தில் உங்கள் பக்கம் ஸ்வாப்புக்குப் போய், அங்கே வேறொருவரின் டேட்டா உட்கார்ந்திருந்தால்? அந்த வேறொருவரின் டேட்டா நெட்வொர்க்கில் போய்விடும். அது பாஸ்வேர்டாகக்கூட இருக்கலாம். எனவே, ஒரிஜினல் பக்கத்தை அனுப்புவதற்கு முன், "இந்தப் பக்கத்தை யாரும் நகர்த்தக் கூடாது" என்று கெர்னல் அதைப் பூட்டிவிடுகிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு சீட் பிடிப்போமே, அது போலத்தான். ஒரு வித்தியாசம், இந்தத் துண்டை யாரும் எடுத்து எறிய முடியாது.

இந்தத் துண்டு எப்போது எடுக்கப்படும்? நெட்வொர்க் கார்டு டேட்டாவை அனுப்பியவுடன் அல்ல. டிசிபி முறையில், மறுமுனையில் உள்ள கம்ப்யூட்டர் "கிடைத்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். அது வரும் வரை மீண்டும் அனுப்ப வேண்டிய தேவை வரலாம் என்பதால் பக்கம் பூட்டியே இருக்கும். பதில் வந்த பிறகு, "இனி அந்த இடத்தில் எழுதலாம்" என்று புரோகிராமுக்கு ஓர் அறிவிப்பு வரும். நான் இங்கே விவரிப்பவற்றில் இதுதான் முக்கியமானது. எவ்வளவு மெமரி பூட்டப்படுகிறது என்பது உங்கள் பைலின் அளவைப் பொறுத்தது அல்ல. பதில் வராமல் காத்திருக்கும் டேட்டாவின் அளவைப் பொறுத்தது.

எல்லை ஏன் இவ்வளவு சிறியது?

ஒவ்வொருவரும் இஷ்டத்திற்குத் துண்டு போட்டால் பஸ் முழுவதும் துண்டாக இருக்கும், பயணிகள் நிற்பார்கள். 4 ஜிபி ராமில் ஒரு புரோகிராம் 3.5 ஜிபியைப் பூட்டிவிட்டால், மற்ற எல்லாப் புரோகிராம்களும் மீதியுள்ள அரை ஜிபியில் முட்டி மோத வேண்டியதுதான். மவுஸ் கூட நகராது. எனவே ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எல்லை வைக்கப்பட்டுள்ளது. லினக்ஸில் இதன் பெயர் மெம்லாக்.

பல ஆண்டுகளாக இந்த எல்லை வெறும் 64 கேபி. அதாவது 16 பக்கங்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜிபிஜி என்ற சங்கேதப் புரோகிராம், நீங்கள் டைப் செய்யும் ரகசியச் சொல் எந்தக் காரணம் கொண்டும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக 64 கேபி மெமரியைப் பூட்டி வைத்துக் கொள்ள விரும்பியது. கெர்னலின் மூல நிரலிலேயே இந்தக் காரணம் குறிப்பாக எழுதப்பட்டிருந்தது. நெட்வொர்க்கில் டேட்டா அனுப்புவது யார் மனதிலும் இல்லை. 2022 ஜனவரியில் வந்த லினக்ஸ் 5.16 கெர்னலில்தான் இது 8 எம்பியாக உயர்த்தப்பட்டது. சில லினக்ஸ் பதிப்புகள் தாமாகவே வேறு அளவை அமைத்துத் தருகின்றன.

64 கேபி எல்லையில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டில் உள்ள ஒரு சர்வருக்கு நீங்கள் டேட்டா அனுப்புகிறீர்கள். போய் வர 200 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 64 கேபி அனுப்பியதும் எல்லை முடிந்தது. பதில் வர 200 மில்லி செகண்ட் காத்திருக்க வேண்டும். ஒரு நொடிக்கு இப்படி 5 முறைதான் முடியும். ஆக, நொடிக்கு 320 கேபிக்கு மேல் போகாது, உங்கள் இணைப்பு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் சரி. வீட்டிற்குள் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே போய் வர 1 மில்லி செகண்ட்தான் என்றால் அதே 64 கேபி எல்லையில் நொடிக்கு 64 எம்பி வரை அனுப்பலாம். வீட்டில் சோதித்தபோது நன்றாக ஓடிய புரோகிராம், வெளியூர் சர்வருக்கு அனுப்பும்போது மட்டும் தகராறு செய்வதன் மர்மம் இதுதான்.

இதிலும் சிக்கனமாகத் துண்டு போட முடியாது. 10 கேபி டேட்டா என்றால் 3 பக்கம் போதும் என்று நினைப்போம். ஆனால் டேட்டா ஒரு பக்கத்தின் கடைசியில் தொடங்கினால் நான்காவது பக்கத்தையும் தொட்டுவிடும். எனவே கெர்னல் மோசமான நிலையைக் கருதி, முழுப் பக்கங்களுடன் மேலும் 2 பக்கம் சேர்த்தே கணக்கு வைக்கிறது. 10 கேபிக்கு 4 பக்கம். 64 கேபி எல்லை உள்ள சிஸ்டத்தில் ஒரே தடவையில் 60 கேபி அனுப்ப முயன்றாலே 15 உடன் 2 சேர்ந்து 17 பக்கமாகி, எல்லை தாண்டிவிடும். முதல் தடவையே பிழை.

இன்னொன்று. இந்தக் கணக்கு புரோகிராம் வாரியாக அல்ல, பயனர் வாரியாக. ஒரே பயனர் பெயரில் இரண்டு புரோகிராம்கள் இப்படி அனுப்பினால் இரண்டும் ஒரே எல்லையைப் பங்கு போட்டுக் கொள்ளும். நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்று தகராறு செய்தால், புதிதாக வேறென்ன இன்ஸ்டால் செய்தீர்கள் என்று பாருங்கள்.

உங்கள் சிஸ்டத்தில் பார்ப்பது எப்படி?

லினக்ஸில் டெர்மினல் விண்டோவைத் திறந்து கொள்ளுங்கள். யூலிமிட் என்ற கட்டளையை டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறிய கோடும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்து எல்லும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அது எண் ஒன்று அல்ல, எழுத்து எல். பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். கிடைக்கும் எண் கேபி கணக்கில் உள்ளது. 64 என்று வந்தால் பழைய எல்லை. 8192 என்று வந்தால் 8 எம்பி. அன்லிமிடெட் என்று வந்தால் எல்லையே இல்லை.

எவ்வளவு தேவை என்பதையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். டேட்டா அனுப்பும் சர்வருக்குப் பிங் கட்டளை கொடுங்கள். போய் வரும் நேரம் மில்லி செகண்டில் கிடைக்கும். கண்ட்ரோல் கீயுடன் சி அழுத்தினால் நின்றுவிடும். உங்கள் இணைப்பின் அப்லோட் வேகத்தை இந்த நேரத்தால் பெருக்குங்கள். 50 எம்பிபிஎஸ் அப்லோட் என்றால் நொடிக்கு 6.25 எம்பி; 200 மில்லி செகண்டில் 1.25 எம்பி. அனுப்பப்படாமல் வரிசையில் நிற்கும் டேட்டாவும் பூட்டியே இருக்கும் என்பதால் இதை இரு மடங்காக்கிக் கொள்ளுங்கள். இரண்டரை எம்பி. 8 எம்பி எல்லை உள்ள சிஸ்டத்தில் ஓர் இணைப்புக்கு இது தாராளம். ஒரே நேரத்தில் பத்து இணைப்புகள் முழு வேகத்தில் ஓடினாலும், மொத்த வேகம் அதே 50 எம்பிபிஎஸ்தான் என்பதால் இந்தக் கணக்கைப் பத்தால் பெருக்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்கும் டேட்டாவுக்காக மட்டும் சற்றுக் கூட்டினால் போதும்.

எல்லையை உயர்த்த, இடிசி போல்டரில் செக்யூரிட்டி என்ற போல்டருக்குள் லிமிட்ஸ் டாட் கான்ஃப் என்ற பைல் உள்ளது. அட்மின் உரிமையுடன் அதைத் திறந்து கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வரியில் நான்கு சொற்கள்: உங்கள் பயனர் பெயர், ஒரு சிறிய கோடு, மெம்லாக், கேபியில் அளவு. 16 எம்பி வேண்டுமானால் 16384. பைலை சேவ் செய்து, லாக் அவுட் செய்துவிட்டு மீண்டும் நுழையுங்கள். திறந்திருக்கும் டெர்மினலிலேயே சோதித்துவிட்டு "மாறவில்லையே" என்று குழம்ப வேண்டாம். பழைய விண்டோவில் பழைய எல்லைதான் இருக்கும்.

கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பின்னணியில் ஓடத் தொடங்கும் சர்வீஸ்கள் இந்தப் பைலைப் பார்ப்பதில்லை. சிஸ்டம்டி பயன்படுத்தும் லினக்ஸில், அந்தச் சர்வீஸுக்கான பைலில் லிமிட் மெம்லாக் என்ற வரியில் தனியாகக் கொடுக்க வேண்டும். லிமிட்ஸ் பைலைத் திருத்தித் திருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்காமல் இருக்க இந்தத் தகவல் உதவும்.

இரண்டு குறுக்கு வழிகள் உங்களுக்குச் சொல்லித் தரப்படலாம். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, புரோகிராமை ரூட் உரிமையுடன் இயக்குவது. இயங்கும், உண்மைதான். ரூட்டுக்கு இந்த எல்லை பார்க்கப்படுவதே இல்லை. ஆனால் ஒரு பைலை அனுப்புவதற்காக, இணையத்துடன் பேசும் புரோகிராமின் கையில் வீட்டுச் சாவி முழுவதையும் கொடுத்ததாகிவிடும். இரண்டாவது, அளவுக்குப் பதில் அன்லிமிடெட் என்று எழுதிவிடுவது. ஆடியோ ரெக்கார்டிங் செய்பவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதுண்டு. அங்கே ஒலி விட்டு விட்டுக் கேட்காமல் இருக்க மெமரியைப் பூட்டுகிறார்கள். அதே வரியை நெட்வொர்க் புரோகிராமுக்கும் காப்பி செய்வது தவறு. மறுமுனை மெதுவாகவோ, இணைப்பு தொங்கிப் போயோ இருந்தால் பூட்டிய பக்கங்கள் திரும்பி வராது. எல்லை இருந்தால் புரோகிராம் பிழை காட்டி நிற்கும். எல்லை இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே நிற்கும். இரண்டில் எது மேல்?

எல்லையை உயர்த்திய பிறகும் அதே செய்தி வருகிறதா? அதற்கும் ஒரு காரணம் உண்டு. இதே பிழையைத் தரும் இரண்டாவது எல்லை ஒன்று இருக்கிறது. ஆப்ட்மெம் மேக்ஸ் எனப்படும் அது, ஒவ்வொரு இணைப்பிற்கும் தனித்தனியாகச் சில்லறைக் கணக்குகளுக்கு ஒதுக்கப்படும் மெமரி. திருப்பி வரவேண்டிய அறிவிப்புகள் இந்த இடத்தில்தான் கணக்கு வைக்கப்படுகின்றன. சிறு சிறு துண்டுகளாக ஏராளமாக அனுப்பும் புரோகிராம்கள் முதலில் இடித்துக் கொள்வது இதில்தான். அங்கே மெம்லாக்கை எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை.

உங்களுக்கு இது தேவைதானா?

ஜீரோ காப்பி என்றவுடன் எல்லாமே வேகமாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பக்கத்தைப் பூட்டுவது, கணக்கு எழுதுவது, பிறகு அறிவிப்புத் தருவது என எல்லாவற்றிற்கும் நேரம் ஆகிறது. சுமார் 10 கேபிக்குக் குறைவான டேட்டாவாக இருந்தால், பேசாமல் காப்பி எடுப்பதே மலிவு என்று கெர்னலின் ஆவணமே சொல்கிறது. இந்த வசதியை வெளியிட்டபோது, இடைவிடாமல் டேட்டா அனுப்பும் சோதனையில் 39 சதவீதம் வரை மிச்சம் காட்டினார்கள். உண்மையான சர்வர் வேலைகளில் அது 5 முதல் 8 சதவீதம்தான். ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் இன்னொன்றுக்கு அனுப்பினால், கெர்னல் எப்படியும் காப்பி எடுத்துவிடும். அப்போது பூட்டிய சிரமமும் வீண்.

எனவே உங்கள் பேக்கப் புரோகிராமிலோ பைல் சர்வரிலோ ஜீரோ காப்பி என்று ஒரு செட்டிங் இருந்து, நீங்கள் பயன்படுத்துவது சாதாரண வீட்டு இணைப்பு என்றால், அதை ஆஃப் செய்துவிடுங்கள். பிழைச் செய்தி போய்விடும், வேகத்தில் வித்தியாசமும் தெரியாது. நன்றாக எழுதப்பட்ட புரோகிராமாக இருந்தால் இந்தப் பிழை வந்தவுடன் தானாகவே பழைய காப்பி முறைக்கு மாறிக் கொள்ள வேண்டும். மாறாமல் நின்றுவிடுகிறது என்றால் அது புரோகிராம் எழுதியவரின் கவனக்குறைவு. புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பாருங்கள்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு: அங்கே மெம்லாக் என்ற செட்டிங் கிடையாது. ஆனால் இதே பொருள் கொண்ட நெட்வொர்க் பிழை உண்டு. அதன் எண் 10055. அது வந்தால் டாஸ்க் மானேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் டேபில் மெமரியைக் கிளிக் செய்திடுங்கள். கீழே நான்-பேஜ்டு பூல் என்று ஓர் அளவு காட்டப்படும். டிஸ்க்கிற்கு அனுப்ப முடியாதபடி கெர்னலும் டிரைவர்களும் பிடித்து வைத்திருக்கும் மெமரி அது. வழக்கமாகச் சில நூறு எம்பி இருக்கும். அது மணிக்கு மணி ஏறிக் கொண்டே போய் ஜிபி கணக்கைத் தொட்டால், சமீபத்தில் நிறுவிய டிரைவர் எது என்று யோசியுங்கள். பெரும்பாலும் நெட்வொர்க் கார்டு டிரைவரோ ஆண்ட்டி வைரஸ் புரோகிராமின் டிரைவரோதான் காரணமாக இருக்கும்.